பசுவய்யாவிடம் சுந்தர ராமசாமி கற்றது

இரட்டைச் சவாரி – 6

சிறுகதைக்கும் நாவலுக்கும் சுந்தர ராமசாமி. கவிதைக்கு மட்டும் பசுவய்யா. நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைக் கவனித்தபடி எழுதிய இவரை, ‘ஓய்வு நேரத்தில் கவிதையும் எழுதிய நாவலாசிரியர்’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. வெளிவந்த வரிசையில் படித்துப் பாருங்கள், சங்கதி வேறாக இருக்கும்.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில், அந்த ஆண்டே பசுவய்யாவின் ‘உன் கை நகம்’ வந்தது. வளர்ந்த நகத்தைக் களையச் சொல்லி எதிரே இருப்பவனோடு வாதாடும் கவிதை. வைத்துக்கொள்ள அவன் என்ன சாக்குச் சொல்வான் என்று இவரே யோசித்து, அதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறார். கவிதை என்றால் நெகிழ வேண்டும் என்றிருந்த வாசகருக்கு இந்தக் கறார் புதிது.

நாவலாசிரியரிடம் அப்போது அந்தக் கறார் இல்லை. 1966இல் நூலான ‘ஒரு புளியமரத்தின் கதை’ ஆற அமரக் கதை சொல்கிறது. தாமோதர ஆசான் வாயைத் திறந்தால் ஊரின் பழங்கதை முழுக்க வந்துவிடும். மரம் சும்மா நிற்கிறது. அதைச் சுற்றிக் கடை வருகிறது, நகராட்சித் தேர்தல் வருகிறது, கடைசியில் மனிதர்களின் போட்டிக்கு மரமே பலியாகிறது. சுகமான வாசிப்பு. நக்கலும் ஏராளம்.

அதன் பிறகு சில ஆண்டுகள் அவர் எழுதவில்லை. எழுபதுகளில் திரும்பி வந்தபோது முதல் கவிதைத் தொகுப்பு ‘நடுநிசி நாய்கள்’ 1975இல் வெளியானது. ஆறு ஆண்டு கழித்து ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் முழுக்கக் கற்பனை. ஆனால் அவன் இறக்கும் தேதி 1960 ஜனவரி 5. ஆல்பெர் காம்யு கார் விபத்தில் மாண்ட மறுநாள். இல்லாத மனிதனை நிஜ மரணத்துக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டார்! பின்பாதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. கதை நகர்வதில்லை; ஒவ்வொரு குறிப்பும் தனியாக நின்று நம்மைக் குறுக்கு விசாரணை செய்கிறது. நகம் வெட்டச் சொன்ன அதே குரல்தான். நாவலாசிரியர் அதைப் பசுவய்யாவிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது என் கட்சி.

கவிஞர் பதிலுக்குக் கதைசொல்லியிடம் அதிகம் வாங்கவில்லை. தன் சாவுச் செய்தி வந்தால் பதற வேண்டாம் என்று நண்பனுக்குச் சொல்லும் பிற்காலக் கவிதையிலும் முன்னிலைப் பேச்சுதான், அலங்காரம் கிடையாது. 1998இல் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலுக்காகத் தன் பால்யத்தின் கோட்டயத்துக்குப் போனபோது, உரைநடை பழையபடி நிதானமாக விரிந்தது. தேவைப்பட்ட இடத்தில் மட்டுமே அவர் பசுவய்யாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

புதிதாகப் படிக்கப்போகிறவர்கள் ஜே.ஜே.யில் தொடங்கித் திணற வேண்டாம். முதலில் கவிதைகளில் பத்தைப் படியுங்கள். அந்தக் குரல் காதுக்குப் பழகிவிட்டால் நாட்குறிப்பு தானாகப் பிடிபடும்.

அடுத்த வாரம்: நகுலன்