‘றன்’ என்னும் ஆங்கில வினையும் நமது ‘ஓடு’ம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவன் ஒருவன் தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்திற் கட்டுரை வரைந்தான். மகாவலி கங்கை தன் ஊருக்கருகே கடலிற் சேர்வதைச் சொல்ல ‘றன்’ என்னும் வினையை ஆண்டிருந்தான். ஆற்றுக்குக் கால் உண்டோ என்று எண்ணி, யான் அதனைச் சிவப்பு மையால் வெட்டிப் ‘புளோ’ என்று திருத்தினேன். “ஆறு ஓடுது எண்டுதானே, சேர், நாங்களும் சொல்லுறது?” என்றான் அவன். தமிழ் வழக்கை ஆங்கிலத்தில் ஏற்றலாகாது என்று கூறி அவனை இருத்திவிட்டேன். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது பிழை என்னுடையதே எனக் கண்டேன்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் வடிவம் ‘றின்னன்’ என்பது. அக்காலந்தொட்டே அது மாந்தரின் ஓட்டத்தையும் நீரின் ஓட்டத்தையும் ஒருங்கே குறித்தது. இன்றைய சேர்மன் மொழியில் ‘றின்னென்’ என்பது நீர் ஒழுகுதலையே குறிக்கும். சிற்றோடையை ஆங்கிலர் ‘றனல்’ என்பர். நாம் ‘ஓடு’ என்பதிலிருந்து ‘ஓடை’யைப் பெற்றதை இது நினைவூட்டும். இவ்வினைக்கு ‘இர்னன்’ என எழுத்து முன்பின்னாக மாறிய வடிவமும் இருந்தது; பழைய நூல்களிற் பெருவழக்குடையது அதுவே. தசையைச் சதை என்றும், விசிறியைச் சிவிறி என்றும் வழங்கும் நமக்கு இஃது புதுமையன்று.

இதனினும் சுவையானது வேறொன்று. நாம் ‘ஓடு’ என்பதைத் தன்வினையாகவும் ‘ஓட்டு’ என்பதைப் பிறவினையாகவும் வேறுபடுத்துகிறோம். ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் இவ்வேறுபாடு இருந்தது. ஓடச்செய்தலைக் குறிக்க ‘அர்னன்’ எனத் தனிவடிவம் இருந்தது. குதிரையை ஓட்டிச் செல்வதற்கு அதனை ஆண்டனர். காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒன்றாயின. ஆகவே குதிரை ஓடினாலும், குதிரையை ஒருவன் ஓட்டினாலும் இன்று ‘றன்’ ஒன்றே. ‘சிற்’, ‘செற்’ என்பனவும், ‘றைஸ்’, ‘றெயிஸ்’ என்பனவும் அப்பழைய இணைகளின் எச்சங்களாக இன்னும் நிற்கின்றன.

பிறவினைப் பொருளும் சேர்ந்தபின் இச்சொல் எங்கும் பரவிற்று. ஒக்ஸ்போட் பேரகராதியின் பதிப்பாசிரியர்கள் 2011ஆம் ஆண்டளவில் இவ்வினைக்கு 645 பொருள்களை வகுத்தனர். அவ்வேலைக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் சென்றனவாம். ஆலை, வண்டி, கடை, கல்லூரி யாவற்றையும் ஆங்கிலர் ‘ஓட்டு’கின்றனர். நாம் கல்லூரியை நடத்துகிறோம். ஆயினும் நம் சொல்லும் அத்திசையிற் சென்றதுண்டு. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தவரல்லர், வழக்கறிஞர். அங்கே ‘ஓட்டிய’ என்பதற்கு நடத்திய என்பதே பொருள்.

வேறு சில இடங்களில் இரு மொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலருக்கு ‘ஓடும்’ மூக்கு நமக்கு ஒழுகும். அவர்களுக்கு ‘ஓடும்’ சாயம் நமக்குக் கரையும். அமெரிக்கர் தேர்தலில் ஓடுவர், இங்கிலாந்தார் நிற்பர். இதில் நாம் இங்கிலாந்தாரோடு நிற்கிறோம்.

மறுநாட் காலை அம்மாணவனின் ஏட்டை வாங்கி, என் திருத்தத்தை வெட்டி, குறைத்த புள்ளியைச் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை மொழிபெயர்ப்புப் பாடத்தில், மீனவர் ஒருவர் படகைக் கரைக்குச் செலுத்தியதை அவனே “படகைக் கரைக்கு ஓடினார்” என எழுதி வந்தான். ஆங்கிலம் இழந்த வேறுபாட்டைத் தமிழும் இழந்துவிட்டதென எண்ணினான் போலும். அங்கே இட்ட சிவப்பு மையை யான் திரும்பப் பெறவில்லை.