டெட்ராய்ட்டில் இறங்கிய பட்டாளம்

ராணுவம் என்பது அந்நியனை எதிர்ப்பதற்காக ஏற்பட்டது என்றும், ஊருக்குள் அமைதி காப்பது போலீஸாரின் காரியம் என்றும் ஜனநாயக நாடுகள் யாவும் ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் ஏழ்மையும் அவமானமும் ஒரே பேட்டையில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, ஒரு நாள் தெருவில் தீயாகப் பற்றிக்கொள்ளும்போது, அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்க எந்த அதிகாரிக்கும் அவகாசம் இருப்பதில்லை. அமெரிக்காவின் மோட்டார் நகரமான டெட்ராய்ட்டில் 1967-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இப்படித்தான் பட்டாளம் வந்து இறங்கியது. அந்தக் கலவரத்தில் ஒரு விசித்திரம் உண்டு: ஊரைக் காக்க வேண்டிய போலீஸாரும் மாகாணத்துக் காவற்படையினரும் கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளிய நகரத்தில், போர்க்களத்தையே தொழிலாகக் கொண்ட ராணுவத்தார் துப்பாக்கியை அடக்கிக்கொண்டு நின்றார்கள். இந்த விசித்திரத்திலிருந்து ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்ட பாடம்தான், என் அபிப்பிராயத்தில், கலவரத்தைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது.

ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு, பன்னிரண்டாம் தெருவில் ஒரு மாடியிலே லைசென்ஸ் இல்லாமல் நடந்துவந்த மதுச்சாலைக்குள் போலீஸார் நுழைந்தார்கள். இருபது பேர் அகப்படுவார்கள் என்று எண்ணிப் போனவர்கள் அங்கே 82 பேரைக் கண்டார்கள். ராணுவத்தில் சேர்ந்த சில கறுப்பு இளைஞர்களுக்காக விருந்து நடந்துகொண்டிருந்தது. அவர்களில் இருவர் வியட்நாம் யுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பியவர்கள். அத்தனை பேரையும் கைது செய்து வண்டியில் ஏற்றி அனுப்ப ஒரு மணி நேரம் பிடித்தது. வெப்பம் தாங்காமல் தெருவில் விழித்திருந்த ஜனங்கள் அந்த ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் போலீஸ் வண்டி நகரும்போது ஒரு பாட்டில் பறந்து வந்து அதன் கண்ணாடியை உடைத்தது. அன்று மாலைக்குள் கடைகள் சூறையாடப்பட்டு, தெருத்தெருவாகத் தீப்பிடித்திருந்தது.

அந்த நாளில் டெட்ராய்ட் ஒரு முன்மாதிரி நகரம் என்று பெயர் வாங்கியிருந்தது என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. மேயர் ஜெரோம் கவனா வாலிபர், தாராள மனத்தினர்; வறுமை ஒழிப்புக்கென்று வாஷிங்டன் அளித்த பணத்தில் கணிசமான பங்கைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தவர். வேறு ஊர்களில் கலகம் வரலாம், எங்கள் ஊரில் வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டார்கள்.

பெரிய மனிதர்களின் கண்ணுக்கு எட்டாத டெட்ராய்ட் ஒன்று இருந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவைச் சுற்றிக் கறுப்பர்கள் பல தலைமுறைகளாகக் கட்டி வளர்த்த கடைகளும் சங்கீத விடுதிகளும் வீடுகளும், சீர்திருத்தம் என்ற பெயராலும் அகன்ற மோட்டார் சாலையின் பெயராலும் இடித்து நிரவப்பட்டன. அங்கிருந்து துரத்தப்பட்டவர்களில் அநேகர் வந்து நெருக்கியடித்துக் குடியேறிய இடங்களில் ஒன்றுதான் பன்னிரண்டாம் தெரு. சதுர மைலுக்கு இருபத்தோராயிரம் பேர், அதாவது நகரத்தின் சராசரியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளியே போய் வேறு வீடு வாங்கலாமென்றால் வங்கிகளும் சர்க்கார் கடன் ஸ்தாபனங்களும் கறுப்பர் பேட்டைகளைப் படத்தில் சிவப்பு மையால் குறித்து ஒதுக்கி வைத்திருந்தன. நகரத்தின் வட எல்லையை ஒட்டி 1941-ஆம் ஆண்டில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுந்தது. அதன் ஒரு பக்கம் கறுப்பர். மறுபக்கம் வெள்ளையருக்காக ஒரு வியாபாரி கட்ட விரும்பிய வீடுகள். கறுப்பர் குடியிருப்புக்கு அருகில் கட்டும் வீடுகளுக்குச் சர்க்கார் உத்தரவாதம் கிடைப்பது துர்லபமாக இருக்க, அந்தத் தடையை நீக்கிக்கொள்ளவே அவர் சுவர் எழுப்பினார் என்றால், அந்தச் சுவருக்குக் கொத்தனார் யாராயினும் சூத்திரதாரி சர்க்கார்தான்.

தொழிற்சாலைகளும் வெளியேறிக்கொண்டிருந்தன. பக்கார்ட் மோட்டார் தொழிற்சாலை 1956-இல் மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலை வேலைகள் நகரத்தை விட்டு நீங்கின. கடைசியில் சேர்க்கப்பட்டவனே முதலில் நீக்கப்படுவான் என்பது ஆலைகளின் நியதியாதலால், முதலில் வீட்டுக்குப் போனவர்கள் கறுப்பர்கள். இவற்றுக்கெல்லாம் மேலே போலீஸ். ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பர்கள் இருக்க, போலீஸில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் கறுப்பர். நாலு போலீஸார் ஒரே காரில் உலாவி, நடைபாதையில் நிற்கும் வாலிபனை நிறுத்தி, ஏசி, சோதித்து, சில சமயம் அடித்தும் அனுப்பும் பிரிவுக்கு ஜனங்கள் 'பிக் ஃபோர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்தியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஞாயிறு மாலையில் கவர்னர் ஜார்ஜ் ராம்னி மாகாணத்தின் தேசியக் காவற்படையை வரவழைத்தார். இது முழுநேர ராணுவமன்று. வார நாட்களில் கடையிலும் ஆபீஸிலும் வேலை பார்த்துவிட்டு, மாதத்தில் ஓரிரு நாள் பயிற்சிக்குப் போகும் இளைஞர்களின் சேனை. அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களாதலால் டெட்ராய்ட்டின் தெருக்களே அவர்களுக்குப் புதியவை. அவர்களால் தீ அடங்காது என்று தெரிந்ததும் மத்திய ராணுவத்தை அழைக்கும் பேச்சு எழுந்தது. அங்கேதான் அரசியல் குறுக்கிட்டது. ராம்னி அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் அபேட்சகராக வரக்கூடியவர். லிண்டன் ஜான்ஸன் ஜனாதிபதி ஸ்தானத்தில் இருந்தவர். நிலைமை தம் கைமீறிவிட்டது என்று கவர்னர் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றது வாஷிங்டன். 'கலகம்' என்று எழுதிக் கொடுத்தால் எரிந்துபோன கடைகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுக்குமே என்று தயங்கினார் கவர்னர். திங்கட்கிழமை பிற்பகல் செல்ஃப்ரிட்ஜ் விமானத் தளத்தில் வந்திறங்கிய பாராசூட் படையினர் உத்தரவுக்காகக் காத்திருக்க, ஊர் எரிந்துகொண்டிருந்தது. நள்ளிரவை நெருங்கும் சமயத்தில் ஜான்ஸன் டெலிவிஷனில் தோன்றி, கவர்னரால் முடியாமற்போனதை ஒரு தடவைக்குப் பல தடவை குறிப்பிட்டுவிட்டு, படையை அனுப்பினார்.

ராணுவத்தின் 82-ஆவது, 101-ஆவது பாராசூட் படைப்பிரிவுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 4,700 பேருக்கு லெப்டினன்ட் ஜெனரல் ஜான் த்ராக்மார்ட்டன் தலைவர். அவர் நகரத்தின் கிழக்குப் பகுதியை ஏற்றுக்கொண்டார். மேற்குப் பகுதி காவற்படையின் பொறுப்பில் இருந்தது. கிழக்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் கண்ட காட்சி, மறைந்திருந்து சுடுபவர்களுக்குப் பயந்து காவற்படையினர் சுற்றிலுமிருந்த தெரு விளக்குகளைத் தாங்களே சுட்டு உடைத்துவிட்டு இருளில் பதுங்கிக் கிடந்தது. ஊரைப் பிடித்திருப்பது பயம்தான் என்றும், அதைப் போக்குவதே தம் காரியம் என்றும் ஜெனரல் கண்டுகொண்டார். விளக்குகளைப் போடச் சொன்னார். சிப்பாய்கள் நாலு பேர் கண்ணில் படும்படி வெளியே நிற்க வேண்டும் என்றார். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிவிட வேண்டும், அதிகாரியின் உத்தரவில்லாமல் சுடலாகாது என்றார். அவருடைய சிப்பாய்கள் தெருவைச் சுத்தம் செய்தார்கள், குப்பை அள்ளினார்கள், காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். அந்தப் பாராசூட் படையினர் கலவரம் முழுவதிலும் சுட்ட குண்டுகள் 201. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் சில மணி நேரங்களில் சுட்டவை.

தோட்டாவைக் கழற்றும் உத்தரவு காவற்படைக்கும் உரியதே; ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்படவில்லை, அல்லது கேட்டும் பொருட்படுத்தவில்லை. மேற்குப் பகுதியில் ஒரு வீட்டின் ஜன்னலோரம் ஒருவர் சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைத் துப்பாக்கி சுடும் வெளிச்சமென்று கருதி, டாங்கியில் பூட்டிய யந்திரத் துப்பாக்கியால் அவர்கள் சுட, உள்ளே இருந்த நாலு வயதுப் பெண் குழந்தை இறந்தது. கலவரத்தில் மாண்ட 43 பேரில் 33 பேர் கறுப்பர். பின்னர் விசாரித்த கமிஷன், போலீஸாரால் இறந்தவர் 20 அல்லது 21 பேர் என்றும், காவற்படையால் இறந்தவர் ஏழு முதல் ஒன்பது பேர் வரை என்றும், மத்திய ராணுவத்தால் இறந்தவர் ஒருவரே என்றும் கணக்கிட்டது. கைதானவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். அல்ஜியர்ஸ் மோட்டலில் கறுப்பு வாலிபர் மூவர் கொல்லப்பட்ட சம்பவத்துக்காக ஒருவருமே தண்டனை பெறவில்லை.

இந்த வித்தியாசத்துக்குக் கட்டுப்பாடும் அனுபவமும் மட்டுமே காரணம் என்று கூறுவார் உளர். கிழக்குப் பகுதி இயல்பிலேயே சற்று அடங்கியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ராணுவத்தில் நிறபேதம் கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் 1948-இல் உத்தரவிட்டார். அது சம்பிரதாயமாக வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. டெட்ராய்ட்டுக்கு வந்த பாராசூட் படையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பர். கறுப்பு ஸார்ஜண்டின் உத்தரவுக்கு வெள்ளைச் சிப்பாய் கீழ்ப்படிவதைக் கண்ட கிழக்குப் பகுதியார், தங்கள் நகரத்தின் போலீஸில் ஒரு நாளும் காணாத சமத்துவத்தை முதன்முதலாகக் கண்டார்கள். பட்டாளத்துக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அதன் துப்பாக்கிக்கு அன்று, இந்தக் காட்சிக்குத்தான் என்பது என் எண்ணம்.

மத்திய ராணுவம் உள்ளூரில் இறங்குவதற்கு அமெரிக்கச் சட்டத்தில் வாசலும் உண்டு, தாழ்ப்பாளும் உண்டு. கலகத்தை அடக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தருவது 1807-ஆம் ஆண்டுச் சட்டம். ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தலாகாது என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாவதைச் சுதந்திரத்தின் கவசமென்று போற்றுவது வழக்கம். அதன் பிறப்போ அவ்வளவு புனிதமானதல்ல. விடுதலை பெற்ற கறுப்பர்கள் வோட்டுப் போடும் இடத்தில் மத்தியச் சிப்பாய் காவல் நிற்பதைத் தென் மாகாணத்துப் பிரமுகர்கள் பொறுக்கமாட்டாமல் கொண்டுவந்தது அது. 1957-இல் லிட்டில்ராக் நகரத்துப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றது இதே 101-ஆவது படைப்பிரிவு என்பதையும் நினைத்தால், சிப்பாய் தெருவுக்கு வருவதே தீமை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூற மனம் வருவதில்லை. யாருக்குக் காவலாக வருகிறான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மாகாணத்துக் காவற்படை கவர்னரின் கீழ் இருக்கும்வரை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடுவதில்லை. டெட்ராய்ட்டில் ஜான்ஸனின் உத்தரவோடு காவற்படையும் மத்திய ஆளுகைக்குள் வந்துவிட்டது; ஆயினும் அதிகம் பேரைக் கொன்ற போலீஸார் அந்தத் தாழ்ப்பாளுக்கு வெளியே இருந்தவர்கள்.

புகை அடங்குவதற்குள் இல்லினாய் கவர்னர் ஆட்டோ கெர்னர் தலைமையில் ஜான்ஸன் ஒரு கமிஷனை நியமித்தார். 1968 பிப்ரவரி கடைசியில் வெளிவந்த அதன் அறிக்கை புத்தகமாகி லட்சக்கணக்கில் விற்றது. வெள்ளையரின் நிறபேதமே கலவரங்களின் மூல காரணம் என்று அது தயங்காமல் கூறியது. மூன்றாண்டில் இருபது லட்சம் வேலைகள், ஐந்தாண்டில் அறுபது லட்சம் வீடுகள் என்று பரிகாரமும் கேட்டது. ஜனாதிபதி அதைப் படித்து முகம் சுளித்தார். வியட்நாமுக்குப் பணம் போய்க்கொண்டிருந்த காலம். அடுத்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபின், வீட்டு வசதியில் நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது என்பது உண்மை. இருபது லட்சம் வேலைகள் வரவில்லை. அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிய வேறொரு சட்டம் நாடெங்கும் போலீஸ் இலாகாக்களுக்கு மத்திய சர்க்கார் பணத்தை வழங்க வழி வகுத்தது.

காவற்படைக்குக் கலவர அடக்குமுறைப் பயிற்சி மட்டும் தாமதமின்றித் தொடங்கியது. மூன்றாண்டுக்குள், 1970 மே 4 அன்று, ஒஹையோ மாகாணத்தின் கென்ட் கலாசாலையில் அந்த மாகாணத்துக் காவற்படையினர் பதின்மூன்று விநாடிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு நாலு மாணவரைக் கொன்றார்கள். த்ராக்மார்ட்டனின் உத்தரவு அந்தப் பயிற்சியில் எந்த இடத்தில் கற்பிக்கப்பட்டதோ, யாருக்கு ஞாபகம் இருந்ததோ.

ராணுவத் தலைமையோ டெட்ராய்ட்டிலிருந்து வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஊரில் இறங்க வேண்டியிருந்ததே, இனி ஊர்களைப் பற்றி முன்னதாகவே தகவல் சேகரித்து வைக்க வேண்டும் என்று ஆரம்பித்த யோசனை, யார் கூட்டம் போடுகிறார், யார் அதில் பேசுகிறார், யார் பத்திரிகை நடத்துகிறார் என்று பிரஜைகளின் பெயர்களையெல்லாம் ராணுவ உளவுப் பிரிவு ஏட்டில் ஏற்றும் காரியமாக வளர்ந்தது. அந்தப் பிரிவிலேயே காப்டனாக இருந்த கிறிஸ்டோபர் பைல் 1970 ஜனவரியில் ஒரு பத்திரிகையில் இதை அம்பலப்படுத்தினார். செனட்டர் சாம் எர்வின் மறு ஆண்டு விசாரணை நடத்தினார். உளவுக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கு 1972-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர், மனுதாரர்களுக்கு நேரடியாக விளைந்த தீங்கு இன்னதென்று காட்டப்படவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.