மண் குடிக்கும் நீரின் அளவு

லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் பெருமழை ஓய்ந்த மறுநாள் நாம் ஒரு காட்சியைக் காணலாம். ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு நிரைகளில் ஒன்று காலூன்ற இடந்தருகிறது. மற்றொன்றில் நீர் தேங்கி நிற்கிறது. பெய்த மழை ஒன்றே. குடித்த மண் வேறு. நீரைத் தன்னுள் புகவிடும் மண்ணின் இவ்வியல்பையே நீர்புகு திறன் என்கிறோம். மண்ணியல் அறிஞர்கள் ஒருவகை மண்ணுக்கு லூனாஸ் என்றே பெயரிட்டிருக்கின்றனர் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி.

பருமணலில் நீர் ஒரு மணி நேரத்தில் மூன்று மீட்டருக்கு மேலும் செல்லக்கூடும். இறுகிய களிமண்ணிலோ ஓராண்டில் மூன்று சென்டிமீட்டர் நகர்வதே அரிதாகலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் வீடோ, சாலையோ, குளக்கரையோ எழுப்பினால் பின்னர் துன்பம் நேரும். தோண்டும் பள்ளத்தில் ஊற்று பெருகும். மழைக்காலத்தில் சரிவு நெகிழும்.

ஒரு பிடி மண்ணைத் தகரத்தில் அடைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. வேர் சென்ற வழியும், கறையான் துளையும், பாறை வெடிப்பும் அச்சிறு மண்ணில் அகப்படுவதில்லை. எனவே நிலத்திலேயே சோதிக்கின்றனர். துளையிட்டு இரும்புக் குழாயை இறக்கி, அடியைத் துப்புரவாக்கி, நீரை நிரப்புவர். பின்னர் நீர்மட்டம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்பர். நீர் விரைந்து இறங்கும் மணலில், மட்டம் குறையாதபடி ஊற்றிக்கொண்டே இருந்து, ஊற்றிய அளவைக் கணக்கிடுவர்.

பாறைக்கு முறை வேறு. துளையின் ஒரு பகுதியை ரப்பர் உறையை ஊதி இறுக்கமாக அடைத்து, அதற்குள் அழுத்தத்துடன் நீரைச் செலுத்துவர். நீர் கசியாமல் தடுப்பது ரப்பரே என்பது பால்மரம் வெட்டும் நமக்குப் பெருமைதானே! சுவிட்சர்லாந்தின் நிலவியல் அறிஞர் லூஜியோன் 1933ஆம் ஆண்டு இம்முறையை வகுத்தார். பத்து பார் அழுத்தத்தில் துளையின் ஒரு மீட்டர் நீளம் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீரை ஏற்பதே அவர் பெயரால் வழங்கும் அலகு. அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திப் பின் குறைத்தும் பார்ப்பர். இறங்குகையில் முன்னிலும் அதிக நீர் சென்றால், வெடிப்பில் இருந்த மண் அரித்துச் செல்லப்பட்டது எனக் கொள்வர்.

நம் கெடா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு நிறைவுற்ற மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் மூடா, பெடு அணைகளும், 2004இல் முடிவுற்ற பெரிஸ் அணையும் நீரைத் தேக்கிப் பயிருக்கு உதவுகின்றன. அணைக்கு அடியிலுள்ள பாறை நீரைப் புகவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் டீட்டன் அணையில் முதன்முறையாக நீர் நிரப்பப்பட்டபோது, வெடிப்புகள் வழியாகக் கசிந்த நீர் மண்ணை அரித்தது. 1976 ஜூன் 5ஆம் நாள் அணை உடைந்தது. பதினோரு உயிர்கள் பறிபோயின.

இஃது அணைகளுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. கழிவுநீர்க் குழியை எங்கே தோண்டுவது என்பதையும் மண்ணே முடிவு செய்கிறது. நீர் மிக மெதுவாக இறங்கினால் குழி பொங்கி வழியும்; மிக விரைவாக இறங்கினாலோ அழுக்கு அருகிலுள்ள கிணற்றைச் சேரக்கூடும். தெளிவாகத் தோன்றும் கிணற்று நீர் தூயது என எண்ணிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாகாது. குழி தோண்டுமுன் சுகாதாரப் பரிசோதகரைக் கலந்து கொள்க.

தோட்ட நிலத்தில் வீடமைப்புக்காகவோ சாலைக்காகவோ ஆய்வாளர்கள் நாட்டிய குழாய்களைக் கண்டால் அவற்றைப் பிடுங்கவோ, கல்லும் குப்பையும் போடவோ வேண்டா. பிள்ளைகளையும் தடுத்திடுக. துளையில் விழும் ஒரு கல் கணக்கைப் பிழையாக்கும். பிழையான கணக்கின்மேல் எழும் வீட்டில் நாளை வாழப்போகிறவர்கள் நாமாகவே இருக்கலாம்.