கத்தி வைக்க முடியாத சிறுநீரகப் புற்றுக்குக் கதிர்வீச்சு

சிறுநீரகப் புற்றுநோய் வேறெங்கும் பரவாமல் ஒரே கட்டியாக இருக்கும்போது, அறுவை சிகிச்சையே முதல் வழி. கட்டி சிறியதென்றால் அதை மட்டும் வெட்டியெடுப்பார்கள். பெரியதென்றால் சிறுநீரகத்தையே அகற்ற நேரும். ஆனால் இது பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். இதயமும் நுரையீரலும் தளர்ந்த உடல் மயக்க மருந்தையும் அறுவையையும் தாங்காமல் போகலாம். ஊசி செலுத்திக் கட்டியைச் சுடுவதும் உறையவைப்பதும் சிறிய கட்டிகளுக்கே நன்கு பலன் தரும். பெரிய கட்டியுள்ள முதியவருக்கு வழி குறைவாகவே இருந்தது.

சிறுநீரகப் புற்று கதிர்வீச்சுக்கு மசியாது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் வாரக்கணக்கில் கொடுத்த பழைய முறை தந்த முடிவு அது. அந்தச் சிறு அளவு உண்டாக்கும் சேதத்தைப் புற்றணுக்கள் சரிசெய்துகொள்கின்றன. ஒரே அமர்வில் பல மடங்கு பாய்ச்சினால் அவற்றால் மீள முடிவதில்லை. கட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் சிதைவதாகக் கருதப்படுகிறது.

அவ்வளவு வீரியத்தைக் குறி தவறாமல் செலுத்துவதே ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு. மூச்சு விடும்போதெல்லாம் சிறுநீரகம் மேலும் கீழும் நகர்கிறது. அருகிலேயே குடல் இருக்கிறது. அதனால் மூச்சோடு கட்டி நகரும் தூரத்தை ஸ்கேனில் முதலில் அளந்து, பல கோணங்களிலிருந்து மெல்லிய கற்றைகளைக் கட்டியில் குவிக்கிறார்கள். மயக்க மருந்தோ கீறலோ தேவையில்லை.

இந்த முறை பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று, மெல்போர்ன் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தின் சங்கர் சிவா தலைமையில் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நடந்த ‘ஃபாஸ்ட்ராக் 2’ ஆய்வு. அதன் முடிவுகள் 2024இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியாயின. அறுவைக்கு ஏற்றவரல்லாத, அல்லது அதை மறுத்த 70 பேர் பங்கேற்றனர். அவர்களின் இடைநிலை வயது 77. கட்டி 4 சென்டிமீட்டர் வரை இருந்தவர்களுக்கு ஒரே அமர்வில் 26 கிரே. அதைவிடப் பெரிதானால் மூன்று அமர்வுகளில் 42 கிரே. ஓராண்டு முடிவில் ஒருவருக்கும் அந்த இடத்தில் கட்டி வளரவில்லை. கண்காணித்த காலம் முழுவதும் சிறுநீரகப் புற்றால் ஒருவரும் இறக்கவில்லை.

இதற்கு விலையும் உண்டு. பத்தில் ஒருவருக்கு வாந்தி, விலா வலி போன்ற தொல்லைகள் கடுமையாயின. கட்டியைச் சுற்றிய நல்ல திசுவும் பாதிக்கப்படுவதால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஓரளவு குறைந்தது. ஏற்கெனவே அது குன்றியவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். கட்டி உடனே மறைவதுமில்லை. மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். சில சமயம் அதே அளவில் செயலற்று நிற்கும். எனவே ஸ்கேன் பரிசோதனையைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும்.

இந்த ஆய்வு அறுவையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டதல்ல. உடல் தாங்குமென்றால் அறுவையே இன்றும் முதல் தேர்வு. தாங்காதவர்களுக்கோ, நோயைக் கட்டுப்படுத்தும் நோக்கோடு தரக்கூடிய சிகிச்சை இப்போது இருக்கிறது. சிறுநீரகவியல் அறுவை நிபுணரோடு கதிர்வீச்சு நிபுணரின் கருத்தையும் கேட்ட பிறகே அவர்களுக்கான முடிவை எடுக்க வேண்டும்.