லண்டன் தண்ணீரும் லண்டன் பீரும்

கிணற்று நீரைக் காய்ச்சும் வீடுகளில் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது கார்பனேட்டாக மாறிப் படிவதே அது. தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். லண்டன் மாநகரின் அடியில் சுண்ணப் பாறை இருப்பதால் அந்நகரத்துத் தண்ணீரும் இத்தகையதே. அங்கே பீர் ஆலைகள் செழித்ததற்கும், பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கும் இந்தப் படலத்தோடு தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வறுத்தால் மால்ட் கிடைக்கிறது. அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் முளையில் தோன்றிய என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. வடித்த இனிப்பு நீரை ஹாப் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாகிறது. என்சைம்கள் நன்கு வேலை செய்ய ஊறல் சற்றே அமிலத் தன்மையோடு இருக்கவேண்டும். பைகார்பனேட் அந்த அமிலத்தைக் கெடுத்துவிடும். ஆனால் கருக வறுத்த மால்ட்டில் அமிலம் கூடுதல். அது பைகார்பனேட்டை ஈடுசெய்துவிடுகிறது. இந்த வேதியியலை அறியாமலே லண்டன் ஆலைக்காரர்கள் அனுபவத்தில் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: தங்கள் தண்ணீரில் கறுத்த பீர்தான் நன்றாக வரும். 18ஆம் நூற்றாண்டில் சுமை தூக்குவோர் விரும்பிக் குடித்ததால் அதற்குப் 'போர்ட்டர்' என்றே பெயராயிற்று.

போர்ட்டர் மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்து பக்குவப்படவேண்டும். தொட்டி பெரிதானால் இடமும் செலவும் மிச்சம். ஆகவே ஆலைகள் பெருத்தன. சிஸ்வெல் தெருவிலிருந்த விட்பிரெட் ஆலை 1785இல் வாட்டின் நீராவி எந்திரத்தை வாங்கிற்று. குதிரைகள் செய்துவந்த வேலையை அது 1887 வரை, 102 ஆண்டுகள் செய்தது. (இன்று அது சிட்னி அருங்காட்சியகம் ஒன்றின் உடைமை.)

பெருத்ததன் விலையும் உண்டு. 1814 அக்டோபர் 17ஆம் நாள் மாலை, மியூ நிறுவனத்தின் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்றின் இரும்பு வளையம் கழன்றது. முன்பும் இப்படிக் கழன்றதுண்டு. ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டி வெடித்தது. பக்கத்துத் தொட்டிகளும் உடைந்தன. 5 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட பீர் சுவரைத் தகர்த்துக்கொண்டு செயின்ட் கைல்ஸ் ஏழைக் குடியிருப்பில் பாய்ந்தது. இறந்தவர்கள் 8 பேர். அனைவரும் பெண்களும் குழந்தைகளுமே. அவர்களில் 5 பேர், முந்திய நாள் இறந்த ஒரு குழந்தைக்காகத் துக்கம் காக்கக் கூடியிருந்தவர்கள். விசாரணையில் இது தற்செயல் விபத்து என்று தீர்ப்பாயிற்று. நிறுவனம் செலுத்தியிருந்த தீர்வையை அரசு திருப்பிக் கொடுத்தது. பீருக்கு நட்டஈடு கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

பின்னர் மக்களின் சுவை வெளிர்நிறப் பீருக்குத் திரும்பியது. பர்ட்டன் என்ற ஊரின் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், மிகுதி. அது ஊறலின் அமிலத்தைக் காக்கும். லண்டன் ஆலைகள் என்ன செய்யும்? பிரிக் லேனிலிருந்த டுரூமன் நிறுவனம் 1873இல் பர்ட்டனிலேயே ஓர் ஆலையை வாங்கிவிட்டது! அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று வேதியியலார் விரைவிலேயே காட்டினார்கள். நீரிலுள்ள கார்பனேட்டை நீக்கி ஜிப்சத்தைச் சேர்த்தால் பர்ட்டன் தண்ணீர் லண்டனிலேயே தயார்.

அதே வித்தை லண்டன் தண்ணீரை எங்கும் தயாரிக்க உதவும் அல்லவா? ஆலைகளுக்கும் நகருக்கும் இருந்த கட்டு இங்கேதான் அவிழ்ந்தது. நல்ல சாலையும் டாங்கர் லாரியும் வந்தபின், விலையேறிய நகர மனையில் தொட்டிகளை வைத்திருப்பதைவிட மனையை விற்பதே லாபமாயிற்று. விட்பிரெட் ஆலை 1976இல் பீர் காய்ச்சுவதை நிறுத்தியது. டவர் பாலத்தருகே இருந்த கரேஜ் ஆலை 1981இலும், டுரூமன் 1989இலும், வாண்ட்ஸ்வொர்த்தின் யங் ஆலை 2006இலும் மூடப்பட்டன. டுரூமன் கட்டடங்களில் இப்போது கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஆலையில் உழைத்த குடும்பங்களுக்கு அங்கே வேலை இல்லை.

கதை இதோடு முடியவில்லை. 2002இல் பிரிட்டிஷ் அரசு சிறிய ஆலைகளுக்குத் தீர்வையைக் குறைத்தது. சிறிய எஃகுத் தொட்டிகளும் கிடைத்தன. ரயில் பாலங்களின் வளைவுகளுக்குக் கீழே, பழைய கிடங்குகளில் புதிய ஆலைகள் முளைத்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை நூற்றைத் தாண்டின. பிறகு 2020இன் பெருந்தொற்றும் செலவு உயர்வும் சிலவற்றை மூடின. பெரிய நிறுவனங்கள் வாங்குவதும் நடக்கிறது: சிஸ்விக்கிலுள்ள பழைய ஃபுல்லர் ஆலை 2019இல் ஜப்பானின் அசாஹி நிறுவனத்திடம் போயிற்று.

2009இல் தொடங்கிய கெர்னல் என்னும் சிறிய ஆலை, பெர்மாண்ட்சியின் ரயில் வளைவுகளில் இயங்குகிறது. அது காய்ச்சும் பீர்களில் ஒன்றின் பெயரிலேயே 1890 என்ற ஆண்டு இருக்கிறது. அக்காலத்துப் பாணியில் செய்யப்படுவது. நிறம்? கறுப்புத்தான்.