மீண்டும் தம்பானூரில் இறங்குமுன்

ஜூன் மாத இறுதியில் ஒரு காலை நேரம் தம்பானூரில் நின்று பார்ப்போமானால், ஆண்டுதோறும் தவறாத ஒரு காட்சியைக் காணலாம். நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயில்கள் திருவனந்தபுரம் சென்ட்ரலில் நின்றதும், பெட்டியும் வாளியும் பாய்ச்சுருளுமாக மாணவர்கள் இறங்குகின்றனர். மழைக்கு ஒதுங்கியபடியே சாலையைக் கடந்து, எதிரிலுள்ள பேருந்து நிலையத்தில் பாளையத்திற்கும் காரியவட்டத்திற்கும் செல்லும் வண்டிகளைத் தேடுகின்றனர்.

தம்பானூருக்கு ரயில் வந்தது 1931-இல். பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறிய திருவாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது 1937-இல். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பின்னரும், படிப்பிற்காக இந்நகரை நாடி வருவது நின்றுவிடவில்லை. 1979-இல் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அவ்வழக்கம் இன்னும் எளிதாயிற்று.

முதலாண்டில் சேரும்போது பெற்றோரும் உடன் வருகின்றனர். எல்லாச் சான்றும் இருமுறை சரிபார்க்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டிலோ, ‘எல்லாம் சென்ற ஆண்டே முடித்தாயிற்று’ என்னும் எண்ணம் வந்துவிடுகிறது. பணச் சிக்கல்கள் பெரும்பாலும் தோன்றுவது அங்கேதான். ஆகவே, மீண்டும் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் விடுமுறை முடியுமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கடனின் அடுத்த தவணை

கல்விக் கடன் ஒரே முறையில் முழுவதுமாக வழங்கப்படுவதில்லை. ஒவ்வோர் ஆண்டின் கட்டணமும் அவ்வப்போது கல்வி நிறுவனத்திற்கு நேரடியாகச் செலுத்தப்படுகிறது. இரண்டாம் ஆண்டுத் தொகை தானாக வந்து சேரும் என்று கருதியிருத்தல் தவறு. சென்ற ஆண்டின் மதிப்பெண் பட்டியல், இவ்வாண்டிற்கான கட்டண விவரம், சென்ற ஆண்டு செலுத்திய கட்டணத்தின் ரசீது ஆகியவற்றைக் கடன் பெற்ற கிளையில் அளிக்க வேண்டும். தேர்வு முடிவு தாமதமாகுமெனத் தோன்றினால், அதற்கு ஈடாக எச்சான்றை ஏற்பார்கள் என்பதைக் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டறிக.

இதில் ஏற்படும் பத்து நாள் தாமதத்தின் விலை சிறிதன்று. கட்டணத்திற்கான கடைசி நாள் நெருங்கிவிட்டால் வீட்டு நகை அடகுக்குச் செல்கிறது. கடன் தொகை வந்த பின்னரும் அந்த நகையின் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது. கடன் உள்ளூர்க் கிளையில் இருப்பின், ஊரிலிருக்கும்போதே இதனை முடித்துவிடல் நன்று.

வட்டி எப்படி வளர்கிறது?

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்டத் தேவையில்லை. ஆயினும் அக்காலத்திலும் வட்டி உண்டு; அது தனிவட்டியாகக் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டிற்காக வட்டி 10 சதவீதம் என்றும், நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் பெறுவதாகவும் கொள்வோம். முதலாண்டுத் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். அடுத்தடுத்த தொகைகளுக்கு முறையே 40,000, 30,000, 20,000 ரூபாய். ஆக, முதல் தவணை கட்டத் தொடங்குமுன்பே வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

ஆகவே, அனுமதிக்கப்பட்ட தொகை முழுவதையும் பெற்றே தீர வேண்டும் என்பதில்லை. மேற்கண்ட கணக்கின்படி இரண்டாம் ஆண்டில் 10,000 ரூபாய் குறைத்துப் பெற்றால், தவணை தொடங்குமுன் வட்டியில் 4,000 ரூபாய் மிச்சம். இயன்ற பெற்றோர் படிப்புக் காலத்திலேயே வட்டியை மாதந்தோறும் செலுத்தி வரலாம். அவ்வாறு செய்வோருக்குச் சில கடன் திட்டங்களில் வட்டிச் சலுகையும் உண்டு.

பதினெட்டு வயது நிறைந்ததா?

பதினேழு வயதில் கல்லூரியில் சேர்ந்த மாணவர் பலர் இரண்டாம் ஆண்டிற்குள் பதினெட்டைக் கடந்திருப்பர். சிறார் கணக்காகத் தொடங்கப்பட்ட சேமிப்புக் கணக்கிற்கு அப்போது புதிய கையொப்பமும் அடையாளச் சான்றுகளும் அளிக்க வேண்டும். இதனைச் செய்யாது விட்டால், விடுதிக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளில் கணக்கு இயங்காமற்போகக் கூடும்.

உதவித்தொகை பெறுவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். ஆதார் வழியாக வரும் அரசு உதவித்தொகை, ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கிற்கே செல்கிறது. திருவனந்தபுரத்தில் புதிய கணக்கைத் தொடங்கி அதனை இணைத்துவிட்டு, ஊர்க் கணக்கில் பணம் வரவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை. ஊர்க் கணக்கையே நாட்டின் எக்கிளையிலும் இயக்கலாம் என்பதால், பெரும்பாலோருக்கு இரண்டாவது கணக்கு தேவைப்படுவதுமில்லை.

பயணச் சீட்டு

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் மாணவர்க்கு ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. கல்லூரி முதல்வர் வழங்கும் சலுகைப் படிவத்தை நிலைய முன்பதிவு அலுவலகத்தில் காட்டியே இதனைப் பெற இயலும். ஆகவே, விடுமுறைக்குப் புறப்படுமுன்பே படிவத்தைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டிருப்பதையும் சென்னை, கோவை போன்ற தொலைவூர்களிலிருந்து வருவோர் நினைவிற்கொள்க.

கணக்கை இரவல் கொடாதீர்

‘உங்கள் கணக்கில் சிறிது பணம் வரும், அதனை வேறொரு கணக்கிற்கு அனுப்பினால் போதும், உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு’ என்று மாணவர்களை அணுகுவோர் இருக்கின்றனர். கைச்செலவிற்குத் தட்டுப்பாடான நேரத்தில் இச்சொல் இனிக்கும். ஆனால் அவ்வாறு வருவது பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம். காவல்துறை விசாரணை பணம் சென்ற வழியைப் பற்றியே வரும். முதலில் முடக்கப்படுவது மாணவரின் கணக்கு. வேலைக்குச் செல்ல வேண்டிய வயதில் வழக்கிற்கு அலைய நேரிடும். ஏ.டி.எம். அட்டை, கடவு எண், சிம் அட்டை ஆகியவற்றை அறைத் தோழருக்கும் கொடுத்தல் கூடாது.

யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையில்லை. அதனைக் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். ஏமாற நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கும் 1930 என்னும் எண்ணிற்கும் தெரிவிக்க வேண்டும். பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்திலேயே மிகுதி.

புறப்படும் நாளில்

பலத்த மழை பெய்தால் தம்பானூரில் நீர் தேங்குவது இந்நகரை அறிந்தோர் அனைவரும் அறிந்ததே. மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீதுகள், ஆதார், கணக்குப் புத்தகம் ஆகியவற்றை நெகிழி உறையிலிட்டுப் பெட்டியின் அடியில் அன்றிக் கைப்பையில் வைத்துக்கொள்க. அவற்றின் படிகள் ஒரு தொகுதி வீட்டில் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, பெற்றோரும் பிள்ளையும் அரைமணி நேரம் ஒன்றாக அமர்ந்து, இவ்வாண்டின் கட்டணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதச் செலவிற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம். வீட்டின் கணக்கு தெரிந்த பிள்ளை, பணம் போதாதபோது அந்நியரின் ஆசைச் சொல்லைக் கேளாமல் வீட்டிற்கே தொலைபேசியில் பேசும்.