சின்னம்மாவின் கணக்கு தப்பியது

ஆரணிக்கு ரயிலில் போகிறவர்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு "ஆரணி ரோடு" என்று பெயர். ஸ்டேஷன் இருப்பது என்னவோ களம்பூரில்! காட்பாடி - விழுப்புரம் பாதையில் போய் அங்கே இறங்கினால், நெல் அவிக்கும் வாசனைதான் முதலில் எதிர்கொண்டு அழைக்கும். களம்பூர் அரிசியின் பெருமை நம் வீட்டு அடுப்புக்கே தெரியும். ஆலைகளைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். ஆரணிப் பட்டு என்று நாம் ஆசையாகப் பிரித்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்தப் புடவைகள் எல்லாமே ஆரணியில்தான் பிறக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். சுற்று வட்டாரத்து வீடுகளின் குழித்தறிகளிலும் அவை உருவாகின்றன.

என் சின்னம்மா வீட்டிலும் ஒரு தறி உண்டு. சித்தப்பா பாவு, பட்டு வாங்கி வருவார். தறியில் இறங்கி உட்காருவது சின்னம்மாதான். இருபத்தைந்து வருஷமாக அவள் நெய்கிறாள். புட்டா போட்ட புடவை என்றால், ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவே இத்தனை இழை என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஊடையை ஓட்ட வேண்டும். நாம் பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்லுவாள். எண்ணிக்கை மட்டும் தப்பாது. "வாய் வேற, கை வேற கண்ணு" என்பாள்.

அந்தச் சின்னம்மாவுக்கு நாற்பத்தேழாவது வயதில் கணக்குத் தப்பியது.

முதலில் ஒரு புட்டா இரண்டு விரற்கடை மேலே ஏறிவிட்டது. முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். அடுத்த புடவையிலும் அப்படியே. பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பீரோச் சாவி அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்று போயிற்று. இரவில் தூக்கம் கிடையாது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறி விழுவாள். சீறிய மறு நிமிஷம் சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுவாள். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார் சித்தப்பா. தறியை விற்றுவிடலாம் என்று பேச்சு நடந்தது. மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று.

நான் போயிருந்தபோது சின்னம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு கண்ணு. யார்கிட்டயும் சொல்லாதே."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பாட்டி கடைசிக் காலத்தில் பெற்ற பெண்களையே அடையாளம் தெரியாமல், "யாரம்மா நீ?" என்று கேட்டவள். சின்னம்மாவுக்கு அது வந்தால், நாளைக்கு எனக்கு? எனக்கும் நாற்பத்திரண்டு முடிந்துவிட்டது, சகோதரிகளே!

சற்று நேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது. "வீட்டு விலக்கு ஒழுங்கா வருதா, சின்னம்மா?"

"அது எங்கே? மூணு மாசம் வராது, அப்புறம் ஒரேயடியாக் கொட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நிறையச் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் இதை நமக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பெண் பெரியவளாகும்போது பந்தல் என்ன, மஞ்சள் நீர் என்ன, தாய்மாமன் சீர் என்ன, ஒலிபெருக்கி என்ன! ஊருக்கே தெரியும். அதே காரியம் முப்பத்தைந்து வருஷம் கழித்து ஓய்கிறபோது கேட்பாரில்லை. நம் புலவர்களும் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வகுத்தார்கள். ஏழாவது பருவம் நாற்பது வயதோடு முடிந்து விடுகிறது. நாற்பத்தொன்றாம் வயதுக்காரிக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள் போலும்!

வேலூரில் ஒரு பெண் டாக்டரிடம் சின்னம்மாவை அழைத்துப் போனேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாளில் படம் போட்டு விளக்கினார்.

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் "நின்றுவிட்டது" என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். மேல்நாட்டில் இது சராசரியாக 51 வயதில் நேர்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே. அதற்கு முந்திய சில வருஷங்கள்தான் தொல்லை பிடித்தவை. ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். அது கருப்பைக்கு மட்டும் வேலை செய்யும் சரக்கு அல்ல. மூளையில் புதிய விஷயங்களைப் பதிந்து வைக்கும் பகுதிக்கும், உடம்பின் சூட்டை அளந்து நிறுத்தும் பகுதிக்கும் அது வேண்டியிருக்கிறது. அதன் வரத்து தாறுமாறானால் ஞாபகம் தடுமாறுகிறது. மார்பிலிருந்து முகம் வரை திடீரென்று தீ மூட்டினாற்போல் காந்துகிறது. அடுத்த நிமிஷம் வியர்வை கொட்டுகிறது. நடு இரவில் இப்படி நாலு தடவை எழுந்தால் மறுநாள் யாருக்குத்தான் தலை தெளிவாக இருக்கும்? இழை அறுந்துவிடும் என்று சின்னம்மா வீட்டில் தறிக்கு நேரே விசிறி போடுவதில்லை. அந்தக் குழிக்குள் உட்கார்ந்து அவள் வெந்து போயிருக்கிறாள், பாவம்.

"டாக்டரம்மா, இது முத்திப் போய் எங்க அம்மா மாதிரி ஆயிடுவேனா?" என்று கேட்டாள் சின்னம்மா. மற்றதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

டாக்டர் சொன்ன பதிலை நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தும் பார்த்தேன். அமெரிக்காவில் 1990-களில் தொடங்கி, நடு வயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆராய்ச்சி உண்டு. அதில் டாக்டர் கெயில் கிரீன்டேலும் அவருடன் இருந்தவர்களும் 2,362 பெண்களுக்கு நாலு வருஷ காலத்தில் ஞாபகப் பரீட்சைகளைத் திரும்பத் திரும்ப வைத்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே பரீட்சையைப் பல தடவை எழுதினால் பழக்கத்தால் மதிப்பெண் ஏற வேண்டுமல்லவா? மாதவிடாய் தடுமாறுகிற வருஷங்களில் அந்த ஏற்றம் குறைந்து போயிருந்தது. ஆனால் முழுதும் நின்ற பிறகு, ஏற்றம் மறுபடி திரும்பிவிட்டது! இந்த ஒரு செய்தியைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மூளை தேய்ந்து போவதில்லை. கொஞ்ச காலம் தடுமாறி, பழையபடி நிமிர்கிறது. முதுமையில் வரும் மறதி நோய் நாற்பதுகளில் வருவது மிக அபூர்வம். அதன் முகமும் வேறு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒன்று. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது வேறொன்று. பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றாலோ, மறதி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வேறு திருடர்களும் இதே வேஷத்தில் வருவதுண்டாம். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு, சர்க்கரை ஆகியவையும் மறதியையும் சோர்வையும் கொண்டுவரும். எனவே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சின்னம்மாவுக்கு ரத்தம் மிகக் குறைவாக இருந்தது. ஒரேயடியாகக் கொட்டினால் குறையாமல் என்ன செய்யும்? அதற்கு வைத்தியம் செய்ததுமே பாதி அசதி போயிற்று. இன்னொன்றும் சொன்னார் டாக்டர்: ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "சூட்டினால் இருக்கும்" என்று சும்மா இருக்கக்கூடாது.

ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்டேன். அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் ரத்த உறைவும் கூடுதலாகக் கண்டன. மறு வருஷம், 65 வயதுக்கு மேல் அதைத் தொடங்கியவர்களுக்கு மறதி நோயும் அதிகம் என்று தெரிந்தது. உலகமே மிரண்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தது. இப்போது டாக்டர்கள் நிதானப்பட்டிருக்கிறார்கள். அறுபதுக்கு உட்பட்டு, நின்று பத்து வருஷத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண், காந்தலும் தூக்கமின்மையும் தாங்காவிட்டால் டாக்டர் யோசனைப்படி சாப்பிடலாம்; பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு கண்டவர்களுக்கு ஆகாது. ஞாபகசக்தி வளரும் என்ற ஆசைக்காகச் சாப்பிடுவது வீண். சின்னம்மா வேண்டாம் என்றாள், டாக்டரும் வற்புறுத்தவில்லை. அறுவை சிகிச்சையில் சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கு எல்லாம் ஒரே நாளில் வந்து தாக்கும். அவர்கள் கட்டாயம் டாக்டரிடம் இதைப் பேச வேண்டும்.

மனச்சோர்வுக்கும் இது வாசல் திறந்துவிடும் காலம். பிரசவத்துக்குப் பின் ஒருமுறை மனம் தளர்ந்து கிடந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாவிட்டால் அதை "திமிர்" என்று சொல்லாதீர்கள். அதற்கும் மருந்து உண்டு. பேசியே தேற்றும் வைத்தியமும் உண்டு. செத்துப் போகலாமா என்று யாருக்காவது தோன்றினால், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச உதவி, தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சித்தப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பேசத் தயங்குகிற விஷயத்தைக் கேட்க ஆணுக்கும் கூச்சம். திண்ணையில் எறும்பு போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்போ இது பைத்தியம் இல்லையா?" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டபோது, அவரும் எத்தனை பயந்து போயிருந்தார் என்று புரிந்தது. தறியை விற்கும் பேச்சு அன்றோடு நின்றது. அதிகாலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது நெய்வது, பகல் வெயிலில் தறியை விட்டுவிடுவது என்று அவரே ஏற்பாடு செய்தார். மாலையில் காபி நின்றது. ஆலைச் சாலை வரை இருவரும் நடந்துவிட்டு வந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை என்று சின்னம்மா சிரித்தாள்!

எண்ணிக்கைக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தறி ஓரத்தில் இரண்டு கிண்ணம், ஒன்றில் புளியங்கொட்டை. பத்து இழை ஓடினால் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். யாராவது கூப்பிட்டால் கொட்டை இருக்கிறது. தலை எண்ண வேண்டாம். நெய்யும்போது யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு சட்டமும் போட்டாள். நானும் பட்டணத்தில் சமையல்கட்டுச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டிவிட்டேன். பால் கணக்கு முதல் கல்யாணத் தேதி வரை அதில்தான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன தை மாதம் போயிருந்தேன். சின்னம்மா தறியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே நெய்தாள். கிண்ணங்களைக் காணோம்.

"கொட்டை எங்கே, சின்னம்மா?"

"அதுவா? பேத்தி பல்லாங்குழி ஆடறதுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றாள், நாடாவை நிறுத்தாமலே.